மாவுக்கட்டு அக்கா தொட்டுப் பார்த்த கை

எலும்பு முறிவுப் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக மாவுக்கட்டு போட்டுவந்தவள் அவள். டாக்டர் உடைந்த கையை இழுத்துப் பிடிப்பார். அவள் பஞ்சு சுற்றி, மாவுத்துணிச் சுருளை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி, குமிழி அடங்கியதும் லேசாகப் பிழிந்து, மடமடவென்று சுற்றி முடிப்பாள். விரல் நுனியால் அழுத்தக் கூடாது, உள்ளங்கையால்தான் தடவ வேண்டும். நுனி பட்ட இடம் குழிந்து, உள்ளே தோல் புண்ணாகிவிடும். இதெல்லாம் எந்தப் பள்ளியிலும் கற்றதில்லை, கை கற்றுக்கொண்டது. அவளைவிடப் பத்து வயது மூத்த டாக்டரே அவளை 'மாவுக்கட்டு அக்கா' என்றுதான் கூப்பிட்டார். சம்பளச் சீட்டில் மட்டும்தான் அவளுக்கு வேறு பெயர் இருந்தது.

கட்டு காய்ந்ததும் அதன்மேல் பென்சிலால் ஒரு படம் போடுவது அவள் வழக்கம். எலும்பு இப்படி இருந்தது, இங்கே உடைந்தது, இப்படிக் கூடும் என்று நோயாளிக்குப் புரியட்டுமே என்ற எண்ணம். அப்படி ஒரு நாள் மணிக்கட்டு உடைந்து வந்த பஸ் கண்டக்டருக்குப் படம் போட்டாள். அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏங்க்கா, இது எலும்பா, பல்லு போன சீப்பா?"

வார்டே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆனாலும் சுருக்கென்று தைத்துவிட்டது. வீட்டுக்குப் போன பிறகும் அந்தச் சிரிப்பு காதைவிட்டு இறங்கவில்லை. மறுமாதம் ஓவியக் கல்லூரியின் மாலை வகுப்பில் விண்ணப்பம் கொடுத்தாள். அப்போது அவளுக்கு வயது நாற்பத்து மூன்று.

அவள் கணவர் தையல் மெஷின் பழுதுபார்ப்பவர். விண்ணப்பத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, "மூணு வருஷமா? சரி, படி. ஆனா என்னை வரையறேன்னு உக்கார வைக்கக் கூடாது" என்றார். முதல் வாரமே உட்கார வைத்துவிட்டாள். கால் மணி நேரத்தில் அவர் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். தலை தொங்கிய மனிதரின் படங்களே அவளிடம் நாற்பதுக்கு மேல் சேர்ந்தன.

முதல் வருஷத் தேர்வில் உருவ வரைதலில் தோற்றாள். நூற்றுக்கு முப்பத்தொன்று. இருபது வயதுப் பிள்ளைகள் ஒரே இழுப்பில் தோளையும் இடுப்பையும் கொண்டுவந்துவிடுவார்கள். அவள் கோடோ சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிற மாதிரி மெல்ல மெல்ல ஊர்ந்து போகும். தோற்றவர்கள் அடுத்த தேர்வு எழுதுவதற்கு முன், வெளியூர் உடற்கூறு அருங்காட்சியகம் ஒன்றுக்கு வருஷந்தோறும் நடக்கும் படிப்புப் பயணத்தில் போய் ஒரு முழு உருவப் படம் வரைந்து கொடுக்க வேண்டும் என்பது விதி. பயணத்தில் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் பாதி, ஓவிய மாணவர்கள் பாதி. பதினோரு மணி நேர ரயில் பயணம், அங்கே நான்கு நாள் தங்கல். ஓவிய ஆசிரியர் நல்லவர்தான். அவளைத் தனியே கூப்பிட்டார்.

"உங்களுக்கு வேலை, குடும்பம்னு இருக்கும்மா. சிரமம்னா சொல்லுங்க. இங்கேயே ஏதாவது வரைஞ்சு கொடுத்துடலாம். நான் பேசிக்கிறேன்."

"சிரமம்தான் சார். நான் வரேன்" என்றாள் அவள்.

ரயிலில் அவளுக்குப் பக்கத்து இருக்கை ஒரு மருத்துவ மாணவிக்கு. உடற்கூறு அட்லஸ் என்ற தடித்த படப்புத்தகத்தைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்த அந்தக் கண்ணாடிக்காரப் பெண்ணை எல்லோரும் 'அட்லஸ்' என்றே கூப்பிட்டார்கள். ஒவ்வொரு ஓவிய மாணவருக்கும் ஒரு மருத்துவ மாணவர் துணை என்று ஏற்பாடு. இவளுக்கு வாய்த்தவள் அட்லஸ். வண்டி கிளம்பிய அரை மணி நேரத்திலேயே அந்தப் பெண் முன்கையில் இருக்கும் தசைகளின் பெயர்களை ஒப்பிக்கத் தொடங்கிவிட்டாள்.

"பேரு இருக்கட்டும்மா. அது என்ன வேலை செய்யுது?" என்று கேட்டாள் மாவுக்கட்டு அக்கா.

அட்லஸ் யோசித்தாள். "விரலை மடக்கும்னு போட்டிருக்கு."

"எங்கே, என் கையைப் பிடி. நான் மடக்கறேன். உனக்கு எங்கே அசையுதுன்னு சொல்லு."

அந்தப் பெண் தயங்கித் தயங்கிப் பிடித்தாள். இறந்தவர்களின் கைகளை ஒரு வருஷமாக அறுத்துப் பார்த்திருக்கிறாள். உயிருள்ள கையை இப்படி அழுத்திப் பார்த்தது அதுவே முதல் தடவை. ஊர் போய்ச் சேர்வதற்குள் இருவரும் ஒட்டிக்கொண்டார்கள்.

அருங்காட்சியகம் பழைய மருத்துவப் பள்ளியின் கட்டடத்தில் இருந்தது. நடுவில் கல்மேஜை போட்ட வட்டமான கூடம், அதைச் சுற்றி ஏணிப்படி போல மர இருக்கைகள். காப்பாளர் மெலிந்த மனிதர், எதையும் மெதுவாகவே பேசுபவர்.

"அந்தக் காலத்துல கீழ் ரெண்டு வரிசை மருத்துவ மாணவர்களுக்கு. மேல் வரிசை ஓவியர்களுக்கு. ஒரே உடம்பு, ஒரே நேரம். இவங்களுக்கு எங்கே அறுக்கணும்னு தெரியணும், அவங்களுக்குத் தோலுக்கு அடியில என்ன புடைக்குதுன்னு தெரியணும். மருத்துவருக்குப் புத்தகம் போட ஓவியர் வேணும். ஓவியருக்குச் சரியா வரைய மருத்துவர் வேணும். அப்ப பதப்படுத்துற மருந்து கிடையாது. குளிர் மாசத்துல மூணு நாள் தாங்கும். அதுக்குள்ள அறுத்து, வரைஞ்சு, அச்செடுத்து முடிச்சாகணும்."

"யாரோட உடம்பு சார்?" என்று அட்லஸ் கேட்டாள்.

"கேக்க ஆள் இல்லாதவங்களோடது" என்றார் காப்பாளர்.

பக்கத்து அறையில்தான் அந்த உருவம் நின்றது. தோல் உரித்த ஆண் உடல் ஒன்றை நிற்க வைத்து, ஒரு மருத்துவரும் ஒரு சிற்பியும் சேர்ந்து நேரடியாக அச்செடுத்து, கட்டு போடுகிற அதே வெள்ளை மாவில் வார்த்தது. இருநூறு வருஷத்துக்கு முந்தையது. இடது கை தலைக்கு மேலே தூக்கியிருந்தது. வலது கை முன்னால் நீண்டிருந்தது. கீழே பித்தளைத் தகட்டில் 'முழுமையான மனித உடல்' என்று பொறித்திருந்தார்கள். பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் சிற்பி முதலில் வரைந்த திட்டப்படம் கிடந்தது. அதில் வலது உள்ளங்கை, தண்ணீர் ஏந்துவது போல, வானம் பார்த்து மலர்ந்திருந்தது. வார்த்த உருவத்திலோ உள்ளங்கை பாதி திரும்பிப் பக்கவாட்டில் நின்றது. "கடைசி நேரத்துல சிற்பி மனசை மாத்திக்கிட்டார்னு சொல்லுவாங்க" என்றார் காப்பாளர்.

மாணவர்கள் மடக்கு நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தார்கள். மதியம்வரை வரைந்தார்கள். அவள் வலது கையில் தொடங்கினாள், தனக்குத் தெரிந்த இடம் அதுதான் என்று. கோடு வழக்கம்போல ஊர்ந்தது. ஆசிரியர் பின்னால் வந்து நின்றார்.

"முன்கை கோணலா வந்திருக்கு. நேராக்குங்க."

அழித்தாள். மறுபடி பார்த்துப் பார்த்து வரைந்தாள். மறுபடியும் கோணல். ஆசிரியர் அடுத்த சுற்று வந்து தலையை ஆட்டிக்கொண்டு போனார். மூன்றாவது முறையும் அழித்ததில் தாள் தேய்ந்து பஞ்சாகிவிட்டது. அவள் பென்சிலை வைத்துவிட்டு எழுந்து, உருவத்தின் இடப்பக்கம் போய் நின்று பார்த்தாள், வலப்பக்கம் வந்து பார்த்தாள், குனிந்து கீழிருந்து பார்த்தாள்.

"சார், நான் கோணலா போடல. அது கோணலாத்தான் இருக்கு."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆசிரியர் பொறுமையாகச் சொன்னார். "இருநூறு வருஷமா எத்தனையோ பேர் இதைப் பார்த்து வரைஞ்சிருக்காங்கம்மா."

அவள் நேரே காப்பாளரிடம் போனாள். "இந்தக் கை எப்பவோ உடைஞ்சு போய், ஒட்டினவங்க தப்பா ஒட்டிட்டாங்க சார்."

காப்பாளர் ஒரு சிறு விளக்கைக் கொண்டுவந்து முன்கையின் மேல் சாய்த்துப் பிடித்தார். அச்சின் இரண்டு துண்டுகள் சேர்ந்த இடத்தில் மாவு கசிந்து ஏற்பட்ட மெல்லிய கோடு, நூல் போலத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை அறுபடாமல் ஓடியது. உடைந்து ஒட்டியிருந்தால் அது எங்காவது அறுந்திருக்க வேண்டும். மாவோடு இருபத்திரண்டு வருஷம் புழங்கியவளுக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை.

"ஒட்டே இல்லைம்மா" என்றார் அவர். குரலில் ஏளனம் இல்லை. அதனாலேயே அவளுக்குக் கூடுதலாக வெட்கமாக இருந்தது. எல்லோர் முன்னிலையிலும் மூக்குடைபட்டவளாய்ப் போய் உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் விடுதிச் சாப்பாட்டு அறையில் அட்லஸுக்குத் தலைவலி. மாத்திரை கேட்டாள். அக்கா தன் பையிலிருந்து எடுத்து அவள் உள்ளங்கையில் போட்டாள். போட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளங்கை மலர்ந்து மாத்திரையை ஏந்துகிற அந்தச் சின்ன அசைவு எத்தனையோ பேருக்கு முடியாமல் போனதை அவள் பார்த்திருக்கிறாள். கை உடைந்தும் வைத்தியத்துக்கு வராமல், தானாகவே கூடட்டும் என்று விட்டுவிட்டு, வருஷம் கழித்து வேறு நோய்க்காக வருகிறவர்கள். முன்கையின் இரண்டு எலும்பும் கோணலாகக் கூடி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும். கை திரும்பாது. மாத்திரை கொடுத்தால் வழுக்கி விழும். கல் உடைக்கிற ஒரு பெண், முழங்கையை வயிற்றுக்கு முன்னால் கொண்டுவந்து, உடம்பையே சாய்த்துத்தான் மாத்திரையை வாங்கினாள்.

"என்னக்கா?" என்றாள் அட்லஸ்.

"மாவு உடையல. கை உடைஞ்சிருக்கு" என்றாள் அவள். "அந்த மனுஷனோட கை."

மறுநாள் காலையில் காப்பாளரின் அறை வாசலில் நின்றாள். தொட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். தொடக் கூடாது என்று அவர் சொன்னார். அது அவர் போட்ட விதியும் அல்ல. மதியம் மறுபடி போய்க் கேட்டாள். பூட்டும் நேரத்தில் மறுபடி. ஆசிரியருக்குச் சங்கடமாகிவிட்டது.

"விட்டுடுங்கம்மா. படத்தை முடிங்க. தேர்வு இருக்கு."

"கை என்னன்னு தெரியாம எப்படி சார் முடிக்கிறது?"

மூன்றாம் நாள் காலையிலும் அவள் அங்கே நிற்பதைப் பார்த்த காப்பாளர் சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தார். "கண்ணால பார்த்தா தெரியாதா?"

"ஒரு நாளைக்குப் பதினஞ்சு இருபது கை பிடிக்கிறேன் சார். கண்ணால பார்த்து இதுவரைக்கும் ஒரு கட்டும் போட்டதில்ல. அரை நிமிஷம் போதும். நீங்க பக்கத்துலயே நில்லுங்க. அழுத்த மாட்டேன், என் தொழில்ல அழுத்தறது தப்பு."

அவர் சிறிது நேரம் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மாவு பட்டுப் பட்டு வெடித்த கைகள். பிறகு எழுந்து, பருத்திக் கையுறை ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தார். அது தடிமனாக இருந்தது. அட்லஸ் தன் பையிலிருந்து மெல்லிய மருத்துவ உறையை எடுத்து நீட்டினாள். காப்பாளர் அதற்கும் தலையசைத்தார்.

சுண்டுவிரல் பக்கத்து எலும்பு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. மேலே தசை மூடுவதில்லை. உங்கள் கையிலேயே தடவிப் பாருங்கள், கத்தி விளிம்பு போல நேராகப் போகும். அவள் உருவத்தின் முழங்கையில் தொடங்கி, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு விரலை அந்த விளிம்பில் வழுக்கவிட்டாள். நாலு விரல் கடை தாண்டியதும் நின்றாள். திரும்பி மேலே வந்து, மறுபடி இறங்கினாள். அங்கே ஒரு மேடு. மேட்டுக்குக் கீழே எலும்பு வேறு திசையில் போனது.

"இங்கேதான்" என்றாள். "ரெண்டு எலும்பும் உடைஞ்சு, யாரும் இழுத்து வைக்காம, கட்டாம, தானா கூடியிருக்கு. உடைஞ்சு ரொம்ப வருஷம் ஆயிருக்கும், மேடு கூர் மழுங்கிப்போச்சு. அதுக்கப்புறமும் இவர் வேலை பார்த்திருக்கார். இடது முன்கை எவ்வளவு தடிமன் பாருங்க, பாரத்தையெல்லாம் அதுக்கு மாத்திட்டார். சிற்பி ஒண்ணும் மனசை மாத்திக்கல சார். உள்ளங்கையை மேலே திருப்பத்தான் பார்த்திருப்பார். திரும்பியிருக்காது."

அதுவரை 'அது' என்று சொல்லிவந்தவள் 'இவர்' என்று சொல்லத் தொடங்கியதை அட்லஸ் மட்டும் கவனித்தாள். காப்பாளர் தானும் ஓர் உறையை மாட்டிக்கொண்டு, பத்தொன்பது வருஷமாகத் தூசி தட்டிவந்த அந்தக் கையை முதல் தடவையாகத் தடவிப் பார்த்தார். மேடு வந்த இடத்தில் அவர் விரலும் நின்றது.

கடைசி நாள் அவர் பூட்டியிருந்த இழுப்பறைகளைத் திறந்தார். பயணம் வந்த மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக விட்டுப்போன படங்கள், கட்டுக் கட்டாக. அட்லஸும் அக்காவும் ஆசிரியரும் சேர்ந்து மேஜைமேல் பரப்பினார்கள். நூற்றுப் பன்னிரண்டு படங்கள். பெரும்பாலானவற்றில் முன்கை அழகாக நேராக இருந்தது. கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு, இருக்க வேண்டியதை வரைந்திருந்தார்கள். ஒன்பது படங்களில் மட்டும் கோணல் அப்படியே இருந்தது. அதில் ஒன்று தொண்ணூறு வருஷத்துக்கு முந்தையது. யாரோ ஒரு மாணவர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்து, அந்த மேட்டைக்கூட நிழல் தீட்டிக் காட்டியிருந்தார். அதன்மேல் ஆசிரியர் ஒருவர் சிவப்புப் பென்சிலால் குறுக்கே நேர்கோடு போட்டு, 'கை தவறு' என்று எழுதியிருந்தார்.

ஓவிய ஆசிரியர் அந்தச் சிவப்புக் கோட்டை வெகுநேரம் பார்த்தார். போய் அவளுடைய தேய்ந்துபோன தாளை எடுத்து வந்து அவளிடம் நீட்டினார்.

"புதுத் தாள்ல வரைங்க. நேராக்க வேண்டாம்."

பதிவேட்டில் அந்த உடலைப் பற்றி ஒரே வரி இருந்தது: ஆண், சுமார் நாற்பது, கூலிவேலை, கோர எவரும் வரவில்லை. கையைப் பற்றி ஒரு சொல் இல்லை. பித்தளைத் தகட்டின் கீழே இன்னொரு வரி சேர்க்க வேண்டும் என்று அவள் கேட்டாள். எலும்பு மருத்துவர் ஒருவரின் கடிதம் இல்லாமல் மேலிடம் ஒத்துக்கொள்ளாது என்றார் காப்பாளர். அவள் அட்லஸின் துணையோடு நூல் வைத்து இரண்டு முன்கைகளையும் அளந்து எழுதிக்கொண்டாள். வலது கை ஒரு விரல் கடை குட்டை.

ஊர் திரும்பியதும் எலும்பு டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"அக்கா, உயிரோட இருக்கறவங்களுக்கே எழுத நேரமில்ல. பொம்மைக்குச் சான்றிதழ் கேக்கறீங்களே."

"பொம்மை இல்ல டாக்டர்."

புதன்கிழமைகளில் கூட்டம் குறைவு. ஒவ்வொரு புதனும் கடைசி நோயாளி போன பிறகு, அளவுத்தாளையும் படத்தையும் அவர் மேஜையில் வைத்தாள். மறுபடி எடுத்துக்கொண்டு போனாள். ஆறாவது புதன்கிழமை அவர் படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போயிற்று. தன் முன்கையை நீட்டி, திருப்பி, மறுபடி படத்தைப் பார்த்தார். உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதினார்.

கடிதம் போய் ஏழு மாதம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. அவள் இரண்டு நினைவூட்டல் எழுதினாள். எட்டாம் மாதம் காப்பாளர் புதுத் தகட்டின் நகலை அனுப்பினார்: 'வலது முன்கை: வாழ்நாளில் முறிந்து, சிகிச்சையின்றிக் கோணலாகக் கூடியது.' அவள் படித்தாள். கணவரிடம் காட்டினாள். பிறகு உட்கார்ந்து இன்னொரு கடிதம் எழுதினாள்.

"இன்னும் என்ன?" என்றார் அவர்.

"யார் கண்டுபிடிச்சதுன்னு போடல."

"அதையும் கேக்கப் போறியா?"

"கேக்காம? கையைப் பிடிச்சவ நான்தானே."

அதற்கு மூன்று மாதம். தகட்டின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்ந்தது: 'கண்டறிந்தவர், எலும்பு முறிவுப் பிரிவின் மாவுக்கட்டுப் பணியாளர்.' போதும் என்றாள். அந்த வருஷம் உருவ வரைதலில் அவளுக்கு நாற்பத்தொன்று கிடைத்தது. தேற நாற்பது வேண்டும். கை அருமை, தலை சிறுத்துவிட்டது என்று ஆசிரியர் குறிப்பு எழுதியிருந்தார். தலை சிறுத்ததுதான் என்று அவளும் ஒத்துக்கொண்டாள்.

விடுமுறையில் அவளும் கணவரும் அதே ரயிலில் போனார்கள். அவர் மெஷின் பார்க்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தகட்டை எழுத்துக் கூட்டிப் படித்தார், உருவத்தைச் சுற்றி வந்தார், வலது கைக்கு முன்னால் வந்து நின்றார்.

"அன்னிக்கு இவருக்கு யாராவது கட்டு போட்டிருந்தா?"

"இழுத்து நேரா வெச்சு எட்டு வாரம். அப்புறம் ரெண்டு மாசம் பயிற்சி. மூட்டையைத் தூக்கித் தோள்ல வெச்சுக்கிட்டுப் போயிருப்பார்."

அவர் ஓரத்தில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அவள் மடக்கு நாற்காலியை விரித்து, போன தடவை நேரமில்லாமல் அவசரமாக முடித்த இடது கைக்கு எதிரே போட்டாள். பென்சிலைச் சீவினாள். தோளிலிருந்து மெல்ல இறங்கத் தொடங்கினாள்.